தட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரஷ்ய ராணுவ வீரர்களை வரைந்த பீங்கான் காட்சித் தட்டுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, தட்டின் முன்பக்க ஓவியத்தோடு நின்றுவிட்டது. அசலா போலியா என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பின்பக்கம்தான்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1744இல் தொடங்கிய பேரரசுப் பீங்கான் ஆலை, ஜார் முதலாம் நிக்கோலாய் காலத்தில் (1825–1855) இவற்றை நிறையச் செய்தது. விட்டம் சுமார் 24 செ.மீ. நடுவில் ஒரு படைப்பிரிவின் வீரர்கள் சீருடையில். தங்க விளிம்பில் இரட்டைத்தலைக் கழுகு. பின்பக்கத்தில் மெருகுக்கு (பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்கு) அடியில் நீல நிற முத்திரையாகக் கிரீடமும் ஜாரின் முதலெழுத்தும். படைப்பிரிவின் பெயர், ஓவியர் கையெழுத்து, ஆண்டு ஆகியவையும் பல தட்டுகளில் உண்டு.

முத்திரை அசல் என்பதற்காகப் படமும் அசலாகிவிடாது. ஓவியம் தீட்டாமல் மிஞ்சிய வெள்ளைத் தட்டுகளில் பிற்பாடு வரைந்து விற்றிருக்கிறார்கள். (1917 ரஷ்யப் புரட்சிக்குப் பின் அதே ஆலை அவற்றில் புரட்சி முழக்கங்கள் எழுதியது தனிக்கதை.) பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சாப்பிடும்போது விழுந்த கத்திக் கீறல் வண்ணத்தையும் சேர்த்து அறுத்திருந்தால் கவலையில்லை. கீறலுக்குள் வண்ணம் இறங்கியிருந்தால், புழங்கிய தட்டில் பிற்பாடு வரைந்தது. புது வண்ணம் படிவதற்காகப் புழங்கிய தட்டை மறுபடி சூளையில் வைத்தால் உள்ளே ஊறிய அழுக்கு கருகி, மெருகில் கரும்புள்ளிகள் தெறிக்கும்.

விரலால் மெல்லச் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் விரிசலைத் தேடுங்கள்.

வண்ணமும் தங்கமும் மெருகுக்கு மேலே இருப்பவை. வினிகர், சோடா, பாத்திரம் கழுவும் இயந்திரம் மூன்றுமே ஆகாது. சுவரில் மாட்டும் ஸ்பிரிங் கம்பி, விளிம்புத் தங்கத்தைச் சுரண்டி ஓரத்தையும் சில்லாக்கும். தாங்கியில் நிறுத்துவதே நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்