நோட்ஸ் கேட்ட மகளுக்கு

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறாயே, அங்கே வீடு பார்த்தாயிற்றா என்று அப்பா தினமும் கேட்கிறார். அதை அவருக்கு போனில் சொல்லிக்கொள்.

பரணில் கிடக்கிற என் அனாட்டமி (உடலமைப்பு) நோட்ஸை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னாய். அனுப்புவதாக இல்லை. கையில் நோட்ஸ் இருந்தால் நீ டிக்டேட் செய்வாய், பிள்ளைகள் எழுதும். பிளஸ் டூ மார்க்கை வைத்து சீட் வாங்கி வந்த பிள்ளைகளுக்கு மனப்பாடம் கைவந்த கலை. எலும்பில் இருக்கிற மேடு பள்ளத்தையெல்லாம் பேர் சொல்லி ஒப்பித்துவிட்டு, உயிரோடு நிற்கிற மாட்டிடம் போனால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பார்கள்.

காலையில் அனாட்டமி, மத்தியானம் பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்) என்று பிரித்து நடத்துவதால் இரண்டும் வேறு வேறு மாட்டைப் பற்றியது என்றே பாதிப் பேர் நினைக்கிறார்கள். உனக்கு இந்த வருஷம் இரண்டிலும் வகுப்பு கொடுத்திருப்பது வேலைப்பளுதான், ஆனாலும் நல்லதுக்குத்தான்.

மாட்டு வயிற்றின் ஓர் அறையான ரெட்டிகுலத்தையே எடுத்துக்கொள். உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் என்பதோடு பாடத்தை முடித்துவிடாதே. அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தை ஒட்டிக் கிடக்கிறது, அந்தப் பக்கம் உடனே இதயம். மாடு மென்று பார்த்து விழுங்குகிற பிராணி இல்லை. வைக்கோலோடு ஒரு துண்டு கட்டுக்கம்பி போனாலும் போனதுதான், அது பெரும்பாலும் ரெட்டிகுலத்தில் வந்து தங்கும். ரெட்டிகுலம் சும்மா இருக்காதே, விடாமல் சுருங்கி விரியும். ஒவ்வொரு சுருக்கத்திலும் கம்பி முன்னால் நகர்ந்து, உதரவிதானத்தைத் துளைத்து, இதய உறையில் குத்துகிறது. உறைக்குள் நீரும் சீழும் கட்டினால் இதயத்துக்கு விரிய இடமில்லை. திரும்பி வருகிற ரத்தம் தேங்கி, கழுத்துச் சிரை கயிறாகப் புடைக்கும், முன்நெஞ்சில் நீர் கோக்கும். மாடு முழங்கையை வெளியே அகட்டி வைத்து நிற்கும், சரிவில் இறங்க மறுக்கும். இதில் எது அனாட்டமி, எது பிசியாலஜி என்று வகுப்பில் கேட்டுப் பார். கோடு போட்டுப் பிரிக்க ஒருவராலும் முடியாது.

அப்புறம், உடலை அறுத்துப் பார்க்கிற டிசெக்ஷன் ஹாலுக்குப் போகும் முன்பே பிள்ளைகளைப் பண்ணைக்கு அழைத்துப் போ. சாதுவான கறவையாகப் பார்த்து, இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைக்கச் சொல். அவசரப்படுவார்கள், விடாதே. இரண்டு நிமிஷத்தில் இரண்டு மூன்று முறை வயிற்றின் பெரிய அறையான ரூமன் உள்ளிருந்து கையைத் தள்ளும். முதல் தடவை அதை உணர்கிற பிள்ளை கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்! வயிறு உப்பிய மாட்டுக்குக் காற்றை வெளியேற்ற ட்ரோக்கார் என்கிற துளைக்கும் கருவியை ஏன் அந்த இடத்தில் குத்துகிறோம் என்று அதற்குப் பிறகு நீ விளக்கவே வேண்டாம்.

தூங்கி வழிகிற வகுப்பென்றால் மாட்டின் இதயத்துக்குள் எலும்பு இருக்கிறது என்று சொல். நம்பமாட்டார்கள். மகாதமனி கிளம்புகிற இடத்தில் கீறி, அவர்களையே தொட்டுப் பார்க்கச் சொல். குதிரைக்குப் பித்தப்பை இல்லை என்பதை வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு ஒதுக்கி வை. ஈரலைத் திருப்பித் திருப்பித் தேடுவார்கள், பாவம்.

கொடி குத்திய உறுப்பை அடையாளம் சொல்கிற ஸ்பாட்டர் பரீட்சையில் 'இது என்ன?' என்பதோடு நிறுத்தாதே. முன்னங்காலின் ரேடியல் நரம்பில் கொடி குத்தினால், 'இது அறுந்தால் மாடு எப்படி நிற்கும்?' என்று கீழே ஒரு வரி சேர். திருத்த நேரமாகிறது என்று டிபார்ட்மெண்டில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

உடல்களைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் வாடை கண்ணை எரிக்கும், ஜன்னலை அரைமணி முன்பே திறக்கச் சொல்லிவிடு. கான்டாக்ட் லென்ஸோடு உள்ளே போகாதே, கண்ணாடி போட்டுக்கொள். முதல் வாரம் எப்படிப் போயிற்று என்று எழுது.

அன்புடன்,
அம்மா