பட்டியல் போதாது, பக்கத்தில் ஒருவர் வேண்டும்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. கிளை நூலகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். நூலக அறிவியல் படித்த காலத்திலிருந்தே உனக்கு வாசகரோடு பேசுகிற வேலைதான் பிடிக்கும். அட்டவணை போடுகிற அறைக்குள் இத்தனை வருடம் உன்னை உட்கார வைத்திருந்ததே அதிகம். மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி, சொல்லிவிடு. முழங்கால் வலியை மட்டும் தள்ளிப்போடாதே. புத்தக அடுக்கு ஏணியில் ஏறுவதை இனி வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

இணையத்தில் தமிழுக்கு உருப்படியாக என்ன இருக்கிறது, ஒரு பட்டியல் அனுப்பு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன் என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்புகிறேன். ஆனால் ஒட்டுவதோடு விட்டுவிடாதே என்று சொல்லத்தான் இந்த நீளக் கடிதம். அப்படி ஒட்டிய பட்டியல்களை நான் போன நூலகங்களில் எல்லாம் பார்த்திருக்கிறேன். யாரும் நின்று படிப்பதில்லை. படித்தாலும் அந்த முகவரியை வீடுவரை நினைவில் வைத்திருந்து தட்டிப் பார்ப்பவர் அபூர்வம். ஒரு ஆளுக்கு, அவர் தேடுகிற ஒரு பொருளை, பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தால்தான் அந்தத் தளம் அவருடையதாகிறது.

முதலில் நீயே புழங்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மதுரைத் திட்டம் உனக்குத் தெரிந்ததுதான். 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, சங்க இலக்கியத்திலிருந்து தற்கால எழுத்து வரை ஏற்றியிருக்கிறார்கள். அடுத்து தமிழ் இணையக் கல்விக்கழகம். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. அதன் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் பருவ இதழ்களும் ஏராளம். அகராதி தேடுபவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைக் காட்டு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அச்சில் வந்தது, இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் சொல்லைத் தட்டினால் பொருள் வந்து நிற்கிறது. இலவச மின்நூல் சேமிப்புத் தளமான இன்டர்நெட் ஆர்க்கைவிலும் தமிழ் நூல்கள் குவிந்திருக்கின்றன. அங்கே ஒரு சிக்கல். நிறைய நூல்களின் பெயரை ரோமன் எழுத்தில் பதிந்திருக்கிறார்கள், அதுவும் ஆளுக்கொரு விதமாக. ழகரத்துக்கு ஒரு பதிவில் ஒரு எழுத்து, இன்னொன்றில் இரண்டு எழுத்து. ஒரு முறை தேடிக் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று வாசகரிடம் சொல்லிவிடாதே. நாலைந்து விதமாக எழுத்துக் கூட்டிப் பார், அப்புறம் ஆசிரியர் பெயரைப் போட்டுப் பார். இது நம் வேலை, வாசகர் வேலை அல்ல.

'நூலகம்' என்றே பெயர் கொண்ட இணையதளத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. நாம் படித்த காலத்தில் அதைப் பேசிப் பேசி வருந்தியிருக்கிறோம். 2005-இல் தொடங்கிய அந்த இணைய நூலகம் ஈழத்து நூல், இதழ், நாளிதழ், ஊர்ச் சங்க மலர், கல்யாண மலர், நினைவு மலர் எதையும் விடாமல் ஆவணப்படுத்துகிறது. நினைவு மலரை எல்லாம் எந்த நூலகம் சேர்க்கும், சொல்? ஆனால் ஒரு ஊரின் மனிதர்களைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத தகவல் அதில்தான் இருக்கும்.

எங்கள் நூலகத்துக்கு வரும் ஒரு அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடைய அக்கா இளவயதில் மல்லிகை இதழில் கதை எழுதினாராம். அக்கா இப்போது இல்லை. கதையின் தலைப்பு நினைவில்லை, ஆண்டும் தெரியாது, தனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் என்பது மட்டும் தெரியும். மல்லிகை, ஈழத்து எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966 முதல் பல பத்தாண்டுகள் நடத்திய இதழ். நூலகம் தளத்தில் அதன் இதழ்கள் ஆண்டுவாரியாக இருக்கின்றன, பல இதழ்களுக்கு உள்ளடக்கமும் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நான் பக்கத்தைத் திறக்கத் திறக்க அவர் விரலை வைத்து வரி வரியாகப் பெயரைத் தேடினார். ஒரு இதழில் கிடைத்துவிட்டது. கதையை அங்கேயே படிக்கவில்லை. அக்காவின் பெயர் அச்சாகியிருந்த இடத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு கைபேசியில் இறக்கிக் கொடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் தன் உறவுக்காரர் இருவரை அழைத்துக்கொண்டு வந்தார். அவர்களும் ஏதோ தேட வந்திருந்தார்கள். இப்போது அவரே மற்றவர்களுக்குத் தேடிக் கொடுக்கிறார். இந்த அளவு பயனை எந்த அறிவிப்புப் பலகையும் தராது.

இன்னொரு விஷயம், இது நீ அவசியம் கவனிக்க வேண்டியது. இணையத்தில் இருக்கும் தமிழ் நூல்களில் மிகப் பெரும் பகுதி வெறும் படம். பக்கத்தைப் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கியிருப்பார்கள். கண்ணுள்ள நமக்குப் படிக்க முடிகிறது. பார்வையற்ற மாணவர் ஒருவர் என்னிடம் தேர்வுக்கு வேண்டிய நூலைக் கேட்டு வந்தார். நூல் கிடைத்தது, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் கைபேசியின் திரைவாசிப்பானைப் போட்டோம், அது வாயே திறக்கவில்லை. படத்தில் அதற்கு எழுத்தே தெரியாது. அதே மாணவருக்கு மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு நூலைத் திறந்து கொடுத்தேன், எழுத்தாகத் தட்டச்சு செய்திருப்பதால் முதல் வரியிலிருந்தே படிக்கத் தொடங்கியது. ஆக, ஒரு தளத்தைப் பரிந்துரைக்கும் முன் அதிலிருக்கும் வரியைத் தொட்டு, எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பார். முடிந்தால் திரைவாசிப்பானும் படிக்கும், உள்ளே தேடவும் முடியும்.

பார்வையற்றவர்களுக்குச் சட்டமும் துணை நிற்கிறது, நம் நூலகர்களில் பலர் அதைச் சொல்வதே இல்லை. 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வழி செய்தார்கள். இதையே நாடுகளுக்கிடையே எளிதாக்கும் மராகேஷ் ஒப்பந்தம் 2013-இல் வந்தது, 2014-இல் அதற்கு முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் தொடங்கியது. அச்சைப் படிக்க இயலாதவர்கள் உறுப்பினரானால் பல இந்திய மொழி நூல்களை அங்கே எடுத்துக்கொள்ளலாம். உன் பகுதியில் பார்வையற்றோர் பள்ளியோ சங்கமோ இருந்தால் நீயே நேரில் போய் இதைச் சொல். அவர்கள் நூலகத்துக்கு வருவார்கள் என்று காத்திருக்காதே. அங்கே நமக்கு எதுவும் இல்லை என்று எப்போதோ முடிவு செய்திருப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

படத்தை எழுத்தாக்குகிற வேலை, தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நடக்கிறது. எனக்கு இப்போது மிகவும் பிடித்த இடம் அதுதான். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் பழைய நூலின் பக்கப் படம். எழுத்துணரி என்ற மென்பொருள் முதலில் பக்கத்தைப் படித்து எழுத்தாக்கிவிடும், ஆனால் துணைக்காலை ரகரமாக்கிவிடும், ளகரத்தை னகரமாக்கிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல் என்றால் சுழித்து எழுதிய பழைய றா, னா, கொம்பு வைத்த லை எல்லாவற்றிலும் திணறும். மனிதர் ஒருவர் படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது.

இதை எங்கள் நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை செய்கிறோம். கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். முன்பெல்லாம் பாடப் புத்தகம் படிக்க மேசையும் மின்விசிறியும் தேடி வந்தவர்கள்தான். அவர்களுக்குத் துணையாக ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள். மாணவருக்கு விசைப்பலகை தெரியும், பழைய எழுத்து தெரியாது. ஆசிரியருக்கு நேர் எதிர். ஒரு மாணவி பழைய ணா எழுத்தை முதன்முதலாகப் பார்த்து, அது அச்சுப் பிழையா என்று கேட்டாள். பக்கத்திலிருந்த ஆசிரியர் தாளை எடுத்து, தான் பள்ளியில் எழுதிய மாதிரி வரிசையாக எழுதிக் காட்டினார். அந்தத் தாளை அவள் இன்னும் நோட்டுக்குள் வைத்திருக்கிறாள். சொன்னால் நம்ப மாட்டாய், மூடும் நேரம் ஆகியும் இந்தப் பக்கம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கோ முகம் தெரியாத ஒருவர் தேடும்போது இந்தப் பக்கம் கிடைக்கும், ஒரு பார்வையற்றவரின் கைபேசி இதைப் படித்துக் காட்டும் என்று நான் சொன்னதை அவர்கள் நெஞ்சில் வாங்கிக்கொண்டார்கள்.

சரி, உரிமை விஷயம். வாட்ஸாப் குழுக்களில் வாழும் எழுத்தாளர்களின் நூல்கள் திருட்டுப் பிடிஎஃப்பாகச் சுற்றுகின்றன. வாசகர் நம்மிடம் கொண்டுவந்து காட்டி, அச்செடுத்துத் தரச் சொல்வார். தராதே. கடுமையாகப் பேசாமல், சட்டப்படி இலவசமாக எவ்வளவு இருக்கிறது என்று காட்டு. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை. 1964-இல் மறைந்தவரின் நூல்கள் 2025 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. அதற்கும் மேலே, தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் இருக்கின்றன. பாரதியின் எழுத்துகளை 1949-இல் அரசு வாங்கிய அந்த வழக்கம் நமக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பைத் தந்திருக்கிறது, யோசித்துப் பார். ஆனால் நாட்டுடைமையான பெரும்பாலான நூல்கள் இணையத்தில் இருப்பது வாசகருக்குத் தெரியாது.

குழந்தைகளுக்கு ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளம் போதும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது, தமிழிலும் நிறையக் கதைகள், இறக்கலாம், அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கலாம். கதை நேரத்தில் பெரிய திரையில் ஓட்டுவதைவிட அச்செடுத்துக் கையில் கொடுத்துப் படிப்பது நல்லது என்பது என் எண்ணம். திரை வந்ததும் பிள்ளைகள் கதை சொல்பவரின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

நூலகத்தை விட்டு வெளியே வாசகரைத் தேடிப் போவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது ஒன்றும் புதிதல்ல. 1905-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மேரி டிட்கோம்ப் என்ற நூலகர் குதிரை வண்டியில் புத்தகத்தை ஏற்றிப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார். 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் போனது. அதே ஆண்டுதான் நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் நூலகத்துக்கான ஐந்து விதிகள் நூலாக வந்தன. அதில் ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்ற மூன்றாம் விதியை நாம் தேர்வுக்குத்தான் மனப்பாடம் செய்தோம். இப்போது இலட்சக்கணக்கான நூல்கள் வாசகரே இல்லாமல் இணையத்தில் கிடக்கும்போதுதான் அந்த விதி எனக்கு உறைக்கிறது.

நீ போகும்போது ஒரு மடிக்கணினியும் நல்ல இணைய இணைப்பும் போதும். முதியோர் இல்லம், மகளிர் குழுக் கூட்டம், மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர்கள் காத்திருக்கும் இடம், இப்படி ஆட்கள் நேரத்தோடு உட்கார்ந்திருக்கும் இடமாகப் பார். மைக் பிடித்து நூலகத்தின் பெருமையைப் பேசாதே. எதைத் தேட ஆசைப்படுகிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டுத் தொடங்கு. ஒருவருக்குக் கிடைத்ததும் அடுத்தவர் தானாக நகர்ந்து வருவார். கிடைக்காததைக் குறித்துக்கொண்டு வந்து, நூலகத்தில் தேடி, மறக்காமல் திரும்பப் போய்ச் சொல். இல்லை என்ற பதிலையும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை நம்பிக் கேட்பார்கள். மேலதிகாரிகள் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று எண்ணிக்கை கேட்பார்கள், கொடுத்துவிடு. ஆனால் உனக்கென்று ஒரு நோட்டு வைத்து யார் என்ன கேட்டார், கிடைத்ததா என்று எழுதிவை. அடுத்து எந்த நூல் வாங்குவது, எதைக் கற்றுக்கொடுப்பது என்பதையெல்லாம் அந்த நோட்டுதான் உனக்குச் சொல்லும்.

பட்டியலைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். உன் அப்பாவின் அலமாரியில் பழைய சிற்றிதழ்கள் கட்டுக் கட்டாக இருந்தனவே, அவற்றின் பெயர், ஆண்டு, எண் மட்டும் குறித்து அனுப்பு. எவை ஏற்கெனவே இணையத்தில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்கிறேன். இல்லாதவற்றை ஆவணப்படுத்த யாரிடம் கொடுக்கலாம் என்று பிறகு பேசுவோம். அதுவரை கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டிவிடாதே, சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். கட்டைப் பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் படுக்கை வசமாக வை, அது போதும்.

அன்புடன்,
உன் தோழி