பாப்பா, அந்த ரிப்போர்ட்டில் இன்னும் கையெழுத்துப் போடாதே

பாப்பா,

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஸ்லைடு படத்தை அனுப்பி "இது ஸ்குவாமஸ் கேன்சர் தானே அப்பா?" என்று கேட்டாய். "கொஞ்சம் பொறு" என்று மட்டும் போட்டுவிட்டுப் படுத்தேன், தூக்கம்தான் வரவில்லை.

நாக்கின் மேல்பரப்பு, 35 வயதுப் பெண், புகையிலை பாக்கு எதுவும் கிடையாது என்கிறாய். அங்கேயே எனக்கு இடிக்கிறது. நாக்குப் புற்று பெரும்பாலும் ஓரத்தில்தான் வரும், மேலே வருவது அபூர்வம். அந்த இடத்தில் சவ்வுக்கு அடியில் கெட்டியாக ஒரு கட்டி என்றால் கிரானுலார் செல் ட்யூமரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1926இல் அப்ரிகோசாஃப் என்ற ரஷ்ய மருத்துவர் எழுதியது. அவர் தசையில் பிறப்பதாக நினைத்தார், ரொம்ப நாள் மயோபிளாஸ்டோமா என்றே பெயர் இருந்தது, பிற்பாடுதான் நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல் வகை என்று தெரிந்தது. பெரும்பாலும் சாதுவான கட்டி. ஆனால் மேலே இருக்கிற எபிதீலியத்தை, அதாவது நாக்கின் மேல்தோல் அடுக்கைக் கிளறிவிடும். அது வேர்விட்ட மாதிரி கீழே இறங்கி, புற்றில் வருகிற கெராட்டின் முத்துகூடக் காட்டி, அசல் புற்று போலவே வேஷம் போடும். மேலாக ஒரு கிள்ளு கிள்ளி அனுப்பினால் நமக்குக் கிடைப்பது அந்த வேஷம் மட்டும்தான்.

எனக்கு அப்படித்தான் கிடைத்தது. நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. கடுகளவு துண்டு, ஃபார்மில் வயதும் 'நாக்கு' என்ற ஒரு வார்த்தையும். யாரையும் கேட்காமல் கேன்சர் என்று எழுதிவிட்டேன். சர்ஜன் அதை நம்பி ஓரம் விட்டுத் தாராளமாக வெட்டினார். அந்தப் பெரிய துண்டு லேபுக்கு வந்தபோது பார்த்தால், தசைநாருக்கு நடுவே பெரிய பெரிய செல்கள், உள்ளே இளஞ்சிவப்பு ரவையைத் தூவின மாதிரி. புற்று எங்கேயும் இல்லை.

அதனால் திசு இருக்கிற மெழுகு பிளாக்கை இன்னும் ஆழத்தில் மறுபடி வெட்டச் சொல், டீப்பர் செக்‌ஷன். அடித்திசுவே இல்லை என்றால் "போதவில்லை, ஆழமாக எடுத்து அனுப்பவும்" என்று வெட்கப்படாமல் எழுது. எபிதீலியத்தில் நியூக்ளியஸ்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று நிதானமாகப் பார். ரவை செல் தெரிந்தால் எஸ்-100 சாயச் சோதனை போடு, பாசிட்டிவ் வந்ததும் குதிக்காதே, நிறமிச் செல் புற்றான மெலனோமாவிலும் அது வரும், எச்எம்பி-45ஐயும் கூடவே பார். (பிறந்த குழந்தையின் ஈறில் இதே மாதிரி செல்லோடு எபுலிஸ் என்ற கட்டி வரும், அதில் எஸ்-100 நெகட்டிவ். வைவாவில் கேட்பார்கள்.)

நான் கேன்சர் என்று எழுதிய அந்தம்மா ஒரு வருஷம் கழித்து ரிப்போர்ட் காப்பி வாங்க லேபுக்கே வந்தார். என்னைத் திட்டவில்லை, நான்தான் அந்த ஆள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எந்த ஊர் என்று கேட்டேன். ஊர்ப் பெயரில் ஒரு 'ழ' இருந்தது, இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

முதலில் உங்கள் சர்ஜனுக்கு போன் போடு, அப்புறம் எனக்கு.

அப்பா