நடுகல் வீரனுக்கு விலை வையுங்கள்: அட்டை விளையாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வேலூர்

வடாற்காட்டுக் கதைகளைக் கொண்டு கற்பனை அட்டை விளையாட்டு ஒன்றை உருவாக்கிவரும் குழுவினருக்கு,

அன்புடையீர், வணக்கம்.

அட்டைகளை அடுத்த மாதம் அச்சுக்குக் கொடுக்கப்போவதாகச் சென்ற ஞாயிறன்று காட்பாடியில் கூடியபோது அறிவித்தீர்கள். எட்டு மாதங்களாக உங்களோடு உட்கார்ந்து சோதனை ஆட்டங்கள் ஆடியவன் என்ற உரிமையில், அன்று சொல்ல நேரமில்லாமற்போனதை இங்கே எழுதுகிறேன். ஓவியங்களில் எனக்குக் குறையில்லை, பெயர்களிலும் இல்லை. குறையெல்லாம் அட்டையின் மூலையில் நாம் அச்சிடப்போகும் அந்த ஒற்றை எண்ணில், அதாவது மானா விலையில்தான் (அட்டையைக் களத்தில் இறக்க நாம் செலவிடும் ஆற்றலின் அளவில்தான்) இருக்கிறது. நம் மண்ணின் பெருமை என்று தோன்றிய அட்டைக்கெல்லாம் பலத்தைக் கூட்டி விலையைக் குறைத்துவிட்டோம். கைதட்டி ஒப்புக்கொண்டவர்களுள் நானும் ஒருவன்.

முதலில் ‘நடுகல் வீரன்’. விலை 3 மானா. பலம் 3, தாங்குதிறன் 3. அந்த அளவில் நியாயமான அட்டைதான். ஆனால் அவன் எவ்விதம் இறந்தாலும் களத்தில் கல்லாக நிற்கிறான். ஒவ்வொரு கல்லும் நம் படையில் உள்ள அனைவருக்கும் பலம் ஒன்றைக் கூட்டுகிறது. கல்லை அகற்றும் அட்டையோ தொகுப்பில் ஒன்றுகூட இல்லை. இதோடு 2 மானா விலையுள்ள ‘படுகளம்’ சேர்கிறது. நம் வீரர்களுள் விரும்பிய அத்தனை பேரையும் நாமே பலியிட்டு, ஆளுக்கொரு அட்டை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் விதி. ஆறாம் சுற்றுக்குள் இரண்டு மூன்று கற்கள் எழுந்துவிடுகின்றன. அதன்பிறகு ஒரு மானாவுக்கு இறங்கும் கோட்டைக் காவலாளிகூட யானையாகிவிடுகிறான்.

இவ்விரண்டு அட்டைகளும் சேர்ந்த கட்டை (ஒருவர் ஆட எடுத்துக்கொள்ளும் அட்டைகளின் அடுக்கை) வைத்து, நாம் மிக வலுவானதென்று நம்பிய வேறொரு கட்டுக்கு எதிராக 20 ஆட்டங்கள் ஆடிப் பார்த்தேன். நடுகல் கட்டு 17-இல் வென்றது. சமபலமுள்ள இரண்டு கட்டுகளுக்கிடையே அவற்றில் குறிப்பிட்ட ஒன்று 17 அல்லது அதற்கு மேல் வெல்வது 1,000-க்கு ஒன்றிரண்டு முறைதான் தற்செயலாக நேரும். “அந்த அட்டை கைக்கு வந்தால்தானே?” என்று நம்மில் ஒருவர் கேட்டார். 40 அட்டைக் கட்டில் ஒரே அட்டையின் மூன்று பிரதிகளை நாம் அனுமதிக்கிறோம். தொடக்கக் கையில் ஏழு, பிறகு சுற்றுக்கு ஒன்று என்று எடுத்தால் நான்காம் சுற்றில் 11 அட்டைகளைப் பார்த்திருப்போம். அதற்குள் ஒரு நடுகல் வீரனாவது வந்திருக்க வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடு. இதை அரிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேஜிக்: தி கேதரிங் என்ற புகழ்பெற்ற கற்பனை அட்டை விளையாட்டை வடிவமைத்தவர்களுக்கே இப்படி ஒரு சறுக்கல் நேர்ந்திருக்கிறது. 2004 பிப்ரவரியில் வெளியான தொகுப்பில் ‘ஸ்கல்கிளாம்ப்’ என்ற கருவி இருந்தது. அதை அணிந்த உயிரினத்துக்குப் பலம் ஒன்று கூடும், தாங்குதிறன் ஒன்று குறையும். அது இறந்தால் உடையவர் இரண்டு அட்டைகள் எடுக்கலாம். தாங்குதிறன் குறைவது மேலோட்டமாகப் பார்த்தால் குறைபாடுதான். ஆட்டக்காரர்களோ தாங்குதிறன் ஒன்று மட்டுமே உள்ள சிற்றுயிர்களுக்கு அதை அணிவித்துக் கொன்று, ஒவ்வொரு மானாவுக்கும் இரண்டு அட்டைகளை அள்ளினார்கள். அதே ஆண்டு ஜூனில் அண்மைத் தொகுப்புகளை மட்டும் கொண்டு ஆடும் ஸ்டாண்டர்ட் வகை ஆட்டத்தில் அதற்குத் தடை வந்தது. சாவே லாபமாகிவிட்டால் சாவுக்கான தண்டனைக்கு அர்த்தமில்லை. நம் படுகளத்திலும் நடப்பது அதுதான்.

இதைத் திருத்த நடுகல் வீரனின் விலையை 5 ஆக்கலாம் என்று சிலர் கூறுவீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் செங்கம் பகுதிக் கல்வெட்டுகளே இதைவிட நல்ல வழியைக் காட்டுகின்றன. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று அவை பேசுகின்றன. கவர்ந்து செல்லப்பட்ட மாட்டு மந்தையை மீட்கப் பகைவனோடு போரிட்டு வீழ்ந்தவனுக்கு எழுப்பிய கல் அது. தன் தலைவனே பலியிட்டுவிட்டுச் அட்டை எடுத்துக்கொண்டதற்கு எழுப்பியதன்று. ஆகவே ‘எதிரியின் வீரனோடு மோதி இறந்தால் மட்டுமே கல்லாவான்’ என்று ஒரு வரி சேருங்கள். விலை 3 ஆகவே இருக்கட்டும். எதிராளி அவனோடு மோதுவதா, ஒதுங்கிப் போவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஆட்டத்துக்குச் சுவை கூடும்.

தொகுப்பிலேயே மிகச் சரியாக அமைந்த அட்டை ‘கோவிவன்’ என்பேன். எடுத்தனூர் நடுகல்லில் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கும் அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது. நம் அட்டையிலும் ஒரு மானாவுக்கு இறங்கி, ஒரே நேரத்தில் இரண்டு எதிரிகளைத் தடுக்கிறது, அதற்குமேல் எதுவும் செய்வதில்லை. கல்வெட்டில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டதால் அது பிழைத்தது. (ஓவியத்தில் அதற்குக் கழுத்துப்பட்டை போட்டவர் யார் என்று தெரியவில்லை, அதையும் நீக்கிவிடலாம்.)

வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியின் நாளான ‘1806 ஜூலை 10’ அட்டையைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறேன். கோட்டையைக் கடந்து தினமும் வேலைக்குப் போகிறவன் நான், உங்கள் உணர்வு எனக்கும் உண்டு. ஆனால் 4 மானாவுக்கு எதிரியின் படை முழுவதையும் அழித்துவிட்டு, அதற்கு எந்த மறுவிலையும் கேட்காத அட்டை அது. உண்மையில் விடியுமுன் சிப்பாய்கள் கைப்பற்றிய கோட்டைக்கு, அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்துவிட்டது. அடுத்த சுற்றின் தொடக்கத்தில் எதிராளி தன் கட்டிலிருந்து ஒரு குதிரைப்படை அட்டையைத் தேடி இலவசமாக இறக்கலாம் என்று சேர்த்தால், ஆட்டமும் நேராகும், அந்த நாளின் துயரமும் அட்டையில் தங்கும். வெள்ளையர் தரப்பு அட்டைகள் அனைத்தையும் கேலிக்கூத்தாக வலுவிழக்கச் செய்திருப்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். தோற்பதற்கென்றே படைத்த கட்டை எடுத்துக்கொண்டு யார் நம் எதிரே உட்காருவார்?

மக்கன் பேடா அட்டையில் சிக்கல் நேர்மாறானது. ஒரு மானாவுக்கு மூன்று உயிர்ப்புள்ளி தருகிறது. அதே ஒரு மானாவுக்கு நம் ‘கட்டியக்காரன்’ அட்டை மூன்று அட்டைகள் தருகிறது. இரண்டிலும் எண் மூன்றே என்பதால் மதிப்பும் சமமென்று எண்ணிவிட்டோம். 1993-இல் வந்த மேஜிக்கின் முதல் தொகுப்பிலும் இதே கதை உண்டு. மூன்று அட்டை தரும் ‘ஆன்செஸ்ட்ரல் ரீகால்’ ஆட்டத்தையே புரட்டும் வலிமை பெற்றது. அதே விலையில் மூன்று உயிர் தரும் ‘ஹீலிங் சால்வ்’ அட்டையைச் சீந்துவார் இல்லை. ஆற்காட்டுக்காரர்கள் மனம் புண்படாதிருக்க வேண்டுமானால் பேடா ஆறு புள்ளிகளாவது தரட்டும். கட்டியக்காரன் ஓர் அட்டையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அச்சை மூன்று வாரங்கள் தள்ளிவையுங்கள். மேலே சொன்ன திருத்தங்களோடு அட்டைகளை ஜெராக்ஸ் கடையில் வெள்ளைத்தாளில் எடுத்து, பழைய அட்டைகளின் முன்னால் செருகி உறையிட்டு வைத்திருக்கிறேன். நடுகல் கட்டு ஒன்று, வெள்ளையர் தரப்பின் கம்பெனிக் கட்டு ஒன்று. வருகிற ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கொண்டுவருகிறேன். படுகளம் அட்டையை வடிவமைத்தவர் அன்று கம்பெனிக் கட்டை வைத்து என்னோடு ஆட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சோதனை ஆட்டக்காரர்களுள் ஒருவன்