இந்த வருஷம் பிள்ளைகளைப் பெய்ஸ்லிக்குக் கூட்டிப் போகலாம்

கிளாஸ்கோ வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கும், குறிப்பாக வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் சுற்றுலாவுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும்,

வணக்கம். இந்த வருஷச் சுற்றுலாவுக்குப் பக்கத்து ஊரான பெய்ஸ்லி போகலாமே என்று நம் வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு வார்த்தை போட்டதும் வந்த பதில்களைப் பார்த்தேன். “அங்கே என்னங்க இருக்கு, மூடின கடைதான் இருக்கு” என்று ஒருவர், “ஏர்போர்ட் போற வழிதானே” என்று இன்னொருவர், அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சரி, அங்கேயே பதில் எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் இப்படி நீளமாக எழுதுகிறேன்.

எடின்பரோ கோட்டையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இல்லாத ஒரு பிராணியைத் தேடி லாக் நெஸ் ஏரிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில், வாந்தி எடுக்கும் பிள்ளைகளோடு போகத் தயாராக இருக்கும் நாம், கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறினால் பத்து நிமிஷத்தில் வரும் ஊரைக் கண்டுகொள்வதே இல்லை. கிளாஸ்கோ விமான நிலையம் என்கிறோமே, அது பெய்ஸ்லியை ஒட்டித்தான் இருக்கிறது, அதாவது விமானத்தில் வந்த நம்மில் பலர் இந்த நாட்டில் முதலில் கால் வைத்ததே இந்த ஊர்ப் பக்கம்தான்.

மூடின கடைகள் இருப்பது உண்மை. ஊரின் மேற்கே ஃபெர்கஸ்லி பார்க் என்ற பகுதி, ஸ்காட்லாந்தின் மிகப் பின்தங்கிய இடங்களின் அரசுப் பட்டியலில் 2012-லும் 2016-லும் முதலிடத்தில் இருந்தது. அதே ஃபெர்கஸ்லி என்ற பெயரில்தான் ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய தையல் நூல் ஆலைகளில் ஒன்று ஓடியது. அந்த ஊர் எப்படி இப்படி ஆனது என்பது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதையா இல்லையா?

முதலில் சால்வை. நம் பட்டுச்சேலைக் கரையில் இருக்கிற மாங்காய் டிசைனுக்கு உலகம் முழுக்க இந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் அந்த டிசைன் இந்த ஊரில் பிறந்ததல்ல. காஷ்மீர்ச் சால்வைகள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனுக்கு வந்து பணக்காரப் பெண்களிடம் மோகமாகப் பரவின, விலையோ யானை விலை. அதைப் பார்த்து மலிவாக நெய்து தள்ளியவர்கள் 1805 வாக்கிலிருந்து பெய்ஸ்லி நெசவாளிகள். நேராகச் சொன்னால் காப்பிதான். ஆனாலும் தறியில் உட்கார்ந்து கூலிக்கு நெய்தவனை அதற்காகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. துணியில் பூ டிசைனைத் தானாக விழ வைக்கும் ஜக்கார்ட் பெட்டி வருவதற்கு முன், அந்தப் பூ விழுவதற்காகத் தறிக்குத் தறி ஒரு பொடியன் பக்கத்தில் நின்று நாள் முழுக்கக் கயிறு இழுக்க வேண்டும், நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும்.

பெய்ஸ்லி நெசவாளிகள் வாய் நீளமானவர்கள். தறிக்கு முன்னால் புத்தகம் விரித்து வைத்துப் படிப்பது, அரசியல் பேசுவது, பாட்டு கட்டுவது எல்லாம் உண்டு. அலெக்சாண்டர் வில்சன் என்ற நெசவாளி, ஓர் ஆலை முதலாளி துணி அளவில் நெசவாளிகளை ஏமாற்றுகிறார் என்று கேலிப் பாட்டு எழுதினார். அவரைச் சிறையில் போட்டதோடு, ஊர் நடுவே நின்று அவர் கையாலேயே அந்தப் பாட்டைக் கொளுத்த வைத்தார்கள். 1794-இல் மனிதர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார், அங்கே பறவைகளைத் தேடிக் காடு காடாக நடந்து, வரைந்து, எழுதி, கடைசியில் அமெரிக்கப் பறவையியலின் தந்தை என்று பெயர் வாங்கிவிட்டார். ஊரின் பழைய மடாலயத்துப் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. பாட்டை எரிக்க வைத்த முதலாளிக்கு எங்கும் சிலை இருப்பதாகத் தெரியவில்லை, எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம், ஸ்மா ஷாட். பெய்ஸ்லி சால்வையில் வண்ண வண்ணமாக ஊடை நூல்கள் ஓடும், அவற்றை எல்லாம் பிடித்துக் கட்டி வைக்க நடுநடுவே மெல்லிய நூல் ஒன்றையும் ஓட்டுவார்கள், அதற்குத்தான் ஸ்மா ஷாட் என்று பெயர். அது வெளியே தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் சால்வை பிரிந்துவிடும். வெளியே தெரியாத நூலுக்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று முதலாளிகள் கேட்டார்கள். ஆக, அந்த நூலை நெசவாளி சொந்தக் காசில் வாங்கிப் போட வேண்டும், போடாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் சால்வை பிரிந்தால் கூலியும் போச்சு. இந்தச் சண்டை வெகுகாலம் இழுத்து, கடைசியில் 1856-இல் முதலாளிகள் இறங்கி வந்து அதற்கும் சேர்த்துக் கூலி தர ஒப்புக்கொண்டார்கள். அதைக் கொண்டாடத்தான் ஜூலை முதல் சனிக்கிழமை ஸ்மா ஷாட் நாள். நடுவில் விட்டுப் போன கொண்டாட்டத்தை 1986-இல் மறுபடி தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் நெசவாளிகளைக் கூட்டத்துக்கு அழைக்க அடித்த சார்ல்ஸ்டன் முரசை முன்னால் அடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள், “கார்க்” என்று பட்டப்பெயர் வைத்திருந்த முதலாளியின் கொடும்பாவியைக் கொளுத்துகிறார்கள். கொடும்பாவி என்றால் நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம், ஊருக்குப் போனபோது தெருமுனையில் பார்த்திருப்பார்கள்.

1840-களின் தொடக்கத்தில் சால்வை வியாபாரம் படுத்தபோது கம்பெனிகள் வரிசையாக மூழ்கின, ஆயிரக்கணக்கானோர் கஞ்சித் தொட்டிக்கு வந்தார்கள், நகராட்சியே திவாலானது. விக்டோரியா ராணி பெய்ஸ்லி சால்வைகள் வாங்கி ஆதரவு காட்டினார். அப்புறம் எழுந்து நின்ற தொழில் 1870 வாக்கில் ஒரேயடியாகப் போனதற்குக் காரணம் பாவாடைதான். பின்பக்கம் புடைத்து நிற்கும் பாணி வந்தது, சால்வையைப் போர்த்தினால் அந்தப் புடைப்பே மறைந்துவிடுமே, எவள் போர்த்துவாள்?

ஆனால் ஊர் சாகவில்லை, நூல் காப்பாற்றியது. 1806-இல் நெப்போலியன் பிரிட்டனோடு வியாபாரத்தைத் தடுத்தபோது தறியில் பாவு நூலைத் தூக்கி இறக்கும் விழுதுக்குத் தேவையான பட்டு நூல் கிடைக்கவில்லை, கிளார்க் குடும்பத்தில் ஒருவர் பருத்தியையே பட்டுப் போல வழவழப்பாக முறுக்கிக் காட்டினார், விழுதுக்கு ஆகும் நூல் தையலுக்கும் ஆகும் என்று பிறகு தெரிந்தது. மரக்கட்டையில் சுற்றிக் கொடுத்து, அதற்கு அரைப் பென்னி கூடுதலாக வாங்கி, காலிக் கட்டையைத் திருப்பிக் கொடுத்தால் காசைத் திருப்பித் தந்தார்களாம், நம் ஊர் சோடா பாட்டில் கணக்கு. 1826-இல் ஃபெர்கஸ்லியில் கோட்ஸ் குடும்பம் ஆலை தொடங்கியது. எதிரும் புதிருமாக இருந்த இரண்டு குடும்பங்களும் 1896-இல் ஒன்றாகின, உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றானது. நம் வீட்டுத் தையல் டப்பாவில் கிடக்கும் ஆங்கர் எம்பிராய்டரி நூல் இருக்கிறதே, அந்த நங்கூரம் கிளார்க் குடும்பத்தின் முத்திரை.

இதில் எனக்கு ஒரு சொந்தம் உண்டு, மறைக்கவில்லை. நான் வளர்ந்தது திருநெல்வேலி மாவட்டத்து விக்கிரமசிங்கபுரத்தில், மில் சங்கு ஊதுவதை வைத்தே வீட்டில் அடுப்பு பற்ற வைத்த குடும்பம். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தில் அருவித் தண்ணீரின் பலத்தில் தொடங்கிய மில் அது. அப்புறம் தூத்துக்குடி, 1892-இல் மதுரை. தூத்துக்குடிக் கோரல் மில்லில் 1908 பிப்ரவரி கடைசியில் நடந்த வேலைநிறுத்தம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்று நடத்தியது, கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு ஜெயித்தார்கள், சில நாட்களிலேயே இருவரையும் கைது செய்தார்கள், திருநெல்வேலி கொதித்தது. இது நம் பாடப் புத்தகத்தில் உண்டு. பாடப் புத்தகத்தில் இல்லாதது, 1974-இல் அந்த ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்ஸும் பெய்ஸ்லிக்காரர்களின் இந்தியக் கம்பெனியும் இணைந்துதான் மதுரா கோட்ஸ் ஆனது என்பது. 1908-இல் பெய்ஸ்லிக்கும் கோரல் மில்லுக்கும் இந்தத் தொடர்பு இல்லை, அதைக் கலந்து சொல்லிவிடாதீர்கள். ஆனால் மதுரையில் அந்தப் பெயரைத் தினமும் படித்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களுக்கு, கோட்ஸ் என்பது எந்த ஊர்க் குடும்பம் என்று யாரும் சொன்னதில்லை. பெய்ஸ்லியில் கடைசி ஆலை 1993-இல் மூடியது.

ஊரில் நடந்தால் எங்கு திரும்பினாலும் இந்த இரண்டு குடும்பங்களின் கொடைதான். அருங்காட்சியகம், வானாய்வகம், டவுன் ஹால், பூங்கா, மலை போல ஒரு தேவாலயம். கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கொடுக்கக் காசு எங்கிருந்து வந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஃபெர்கஸ்லியில் 1887-இல் கட்டிய அரைநேரப் பள்ளி ஒன்று இன்று பாழடைந்து நிற்கிறது. பாதி நேரம் ஆலையில் வேலை, பாதி நேரம் படிப்பு என்றிருந்த பிள்ளைகளுக்கான பள்ளி. டவுன் ஹாலைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அதை வெளியிலிருந்தாவது காட்டுங்கள்.

சூனியக்காரிகள் கதை பிள்ளைகள் கேட்பார்கள், ஆனால் பேய்க்கதையாகச் சொல்லாதீர்கள். 1696-இல் பார்கரன் என்ற இடத்துப் பண்ணையார் வீட்டில் கிறிஸ்டியன் ஷா என்ற பதினோரு வயதுச் சிறுமி. வேலைக்காரப் பெண் பால் திருடிக் குடித்ததை அம்மாவிடம் சொன்னாள், வேலைக்காரி சபித்தாள், பிறகு சிறுமிக்கு வலிப்பு, வாயிலிருந்து முடியும் குண்டூசியும் வருவதாகப் பேச்சு. முடிவில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஒருவர் சிறையிலேயே தூக்கு மாட்டிக்கொண்டு இறந்தார், மற்றவர்களை 1697 ஜூன் 10 அன்று தூக்கிலிட்டு உடல்களை எரித்தார்கள். மேக்ஸ்வெல்டன் கிராஸ் என்ற முக்கில், நடுரோட்டில், ஒரு குதிரை லாடத்தைப் பதித்துச் சாம்பலை அடக்கி வைத்ததாக நம்பிக்கை. 1960-களில் அந்த லாடம் காணாமல் போனதால்தான் ஊர் நொடித்தது என்று சொல்பவர்கள் உண்டு, 2008-இல் புதிதாகப் பதித்தும் ஆலைகள் திரும்பி வரவில்லை. அந்தச் சிறுமி வளர்ந்து என்ன செய்தாள் தெரியுமா? பார்கரன் நூல் என்று பெயர் போன தையல் நூல் வியாபாரத்தைத் தொடங்கினாள், இந்த ஊர் நூல் தொழிலின் ஆரம்பமே அவளிடமிருந்துதான் என்கிறார்கள். தூக்கில் போனதில் ஒரு வேலைக்காரி, இருபது வயதைத் தொட்டாளோ என்னவோ. இதை வைத்துக்கொண்டு பெரிய பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசலாம்.

சட்டம் படித்தவர்கள் குழுவில் சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு தூண்டில். 1928 ஆகஸ்ட் 26, வெல்மெடோ கஃபே, மே டோனகியூ என்ற பெண், தோழி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பீர், இருண்ட பாட்டில், மிச்சத்தை ஊற்றியபோது வந்து விழுந்த அழுகிய நத்தை. சென்னைச் சட்டக் கல்லூரியில் முதல் வருஷத்தில் மனப்பாடம் செய்தீர்களே டோனகியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு, அது நடந்தது இந்த ஊரில்தான். தன்னிடம் காசு இல்லை என்று அறிவித்துவிட்டுத்தான் கடையொன்றில் வேலை பார்த்த டோனகியூ, பானம் தயாரித்தவர்மேல் லண்டன் பிரபுக்கள் சபை வரை வழக்கைக் கொண்டுபோனார். 1932-இல் மூன்றுக்கு இரண்டு என்று அவர் பக்கம் தீர்ப்பு, பொருளைத் தயாரிப்பவருக்கு அதை வாங்கிக் குடிக்கிறவர்மேல் பொறுப்பு உண்டு என்று. பாட்டிலில் நிஜமாகவே நத்தை இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

கிளென் தியேட்டர் பற்றிச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். 1929 டிசம்பர் 31, பிள்ளைகளுக்கான பகல் காட்சி, படச்சுருள் டப்பாவிலிருந்து புகை வந்தது. தீயே பரவவில்லை. பயந்து ஓடிய பிள்ளைகளுக்கு வெளியேறும் வழியில் கதவு திறக்கவில்லை, நெரிசலில் 71 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தியேட்டர் கதவுகள் வெளிப்பக்கம் தள்ளித் திறக்க வேண்டும் என்று விதிகளை இறுக்கினார்கள். ஹாக்ஹெட் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது.

மடாலயம் 1163-இல் வால்டர் ஃபிட்ஸ் ஆலன் நிறுவியது, ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் மூதாதை அவர்தான், மூன்றாம் ராபர்ட் மன்னரை அடக்கம் செய்ததும் இங்கேதான். அழகான இடம், ஆனால் அதிலேயே பாதி நாளைச் செலவழிக்க வேண்டாம். பிள்ளைகளை வெளியே நிறுத்தி, 1990-களில் புதுப்பித்தபோது வைத்த கல் பூதங்களில் ஹாலிவுட் வேற்றுக்கிரகப் பூதத்தைப் போலவே இருக்கும் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும், அரை மணி நேரம் சத்தம் வராது.

என் யோசனை, ஜூலை முதல் சனிக்கிழமை. காலையில் கில்மோர் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி நேராக ஊர்வலத்துக்கு. அப்புறம் ஸ்மா ஷாட் காட்டேஜ் என்ற நெசவாளி வீடுகள், தறி வைத்திருக்கிறார்கள். மைல் எண்ட் மில்லில் தொண்டர்கள் நடத்தும் நூல் ஆலை அருங்காட்சியகமும் உண்டு. இரண்டும் எல்லா நாளும் திறந்திருக்காது, யாராவது ஒருவர் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், அதை நான் செய்கிறேன். மதியம் புளியோதரையை ஃபவுண்டன் கார்டன்ஸ் புல்வெளியில் பிரிக்கலாம், மழை வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் நீங்கள் யாராவது யோசியுங்கள், எனக்கு இங்கே குடியிருந்தும் இன்னும் வழி தெரியவில்லை. வருகிறவர்கள் மே மாதத்துக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பெய்ஸ்லியில் குடியிருக்கும் ஒரு விக்கிரமசிங்கபுரத்துக்காரன்