கூட்டு முதலீட்டில் கையொப்பத்துக்கு முன் சொல்லப்படும் பொய்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளில் பங்கு சேர்வதற்கென ஓய்வூதியப் பணத்தையும் நகை அடகு வைத்த காசையும் கொடுத்து, ஈற்றில் "வியாபாரம் என்றால் நட்டமும் வரத்தானே செய்யும்" என்ற பதிலோடு வீடு திரும்பிய பலரை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன். நட்டம் வேறு, பொய் சொல்லிப் பணம் பெறுவது வேறு என்று சட்டம் பிரித்து வைத்திருந்தும், நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணித் தலைவிதி என்று ஆறிவிடுகிறார்கள். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

2023 சித்திரையில், உறவினர் ஒருவர் மூலம் அறிமுகமானவரின் ஆறு அறை விடுதியில் 18 இலட்சம் ரூபா முதலிட்டேன். போட்ட காசு அடுத்த வருடமே இரட்டிக்கும் என்றார். அது அவருடைய எதிர்பார்ப்பு. உண்மையாகவே அப்படி நம்பிச் சொல்லியிருந்தால் சட்டம் அதைப் பிடிக்காது. ஆனால் காணிக் குத்தகை இன்னும் 10 வருடங்களுக்கு இருக்கிறது என்றும் சொன்னார். உண்மையில் 14 மாதங்களே மிச்சமிருந்தன. விருந்தினர் பதிவேட்டையும் காட்டினார். வடகீழ்ப் பருவமழையில் புறாமலைத் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகள் பெரும்பாலும் கரையில் கிடக்கும் மார்கழி, தை மாதங்களில்கூட அறைகள் நிறைந்திருந்ததாக அதில் இருந்தது. அந்த இரண்டு மாதங்களின் விருந்தினர் பெயர்கள் எல்லாம் ஒரே பேனையால், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்ததைப் பணம் போன பின்னர்தான் கவனித்தேன். நடந்த விடயத்தையோ நடப்பில் உள்ள நிலைமையையோ பற்றிப் பொய்யாகச் சொல்லி ஒருவரை ஒப்பந்தத்துக்குள் இழுப்பதே சட்டம் கூறும் பிழையான எடுத்துரைப்பாகும்.

குத்தகைப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. உறவு வழி வந்தவரிடம் அப்படிக் கேட்பது சந்தேகப்படுவதாகிவிடும் என்ற கூச்சம். காணிப் பதிவகத்தில் தேடியும் பார்க்கவில்லை. "நீங்கள்தானே பார்க்காமல் விட்டீர்கள்" என்று இப்போது சொல்கிறார்கள். 1881ஆம் ஆண்டு ரெட்கிரேவ் எதிர் ஹேர்ட் என்ற இங்கிலாந்து வழக்கில், தன் சட்டத்தொழிலின் ஆண்டு வருமானம் 300 முதல் 400 பவுண் வரை என்று கூறிப் பங்காளி சேர்த்தவரும் இதே வாதத்தைத்தான் வைத்தார். பத்திரங்கள் கண்முன் இருந்தும் மற்றவர் சரியாகப் பார்க்கவில்லை. ஆயினும், சொன்னவரின் வார்த்தையை நம்பியவர் சோதிக்கத் தவறினார் என்பது பொய் சொன்னவருக்குக் கேடயமாகாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. நமது ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோமன் டச்சுச் சட்டம் என்றாலும், கூட்டு வியாபார விடயங்களில் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறது.

பொய்யான அந்த வார்த்தைகள் எழுத்தில் இல்லையே என்பது அடுத்த பதில். எழுதிய ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சால் மாற்ற முடியாதுதான். ஆனால் அந்த விதியைச் சொல்லும் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவே, மோசடியை நிரூபிக்க வாய்மொழிச் சாட்சியத்துக்கு இடமளிக்கிறது.

என் வழக்கைக் கெடுத்தது நானே செய்த இன்னொரு பிழை. கார்த்திகையில் காணிச் சொந்தக்காரர் வந்து குத்தகை ஆனியில் முடிகிறது என்று சொன்ன அன்றே உண்மை தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும், புதுப்பித்துத் தருவார்கள் என்ற பேச்சை நம்பி, பங்குனியில் சுவருக்குப் பூச்சு அடிக்கவும் மெத்தைகள் வாங்கவும் மேலும் 3 இலட்சம் கொடுத்தேன். பொய்யென்று அறிந்த பின்னும் ஒப்பந்தத்தை ஏற்று நடந்தவர் அதை இரத்துச் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை இழந்துவிடுவார் என்று சட்டத்தரணி சொன்னபோது, அந்த மெத்தைகளின் பற்றுச்சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. மோசடிக்கான நட்டஈடு கேட்கும் வழி மட்டுமே மிஞ்சியது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அந்த வழக்கைத் தொடுக்கவும் இரண்டு வருடங்களே கால எல்லை. அந்த வழக்கு நிலுவையில் இருப்பதால் எவர் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

பொலிஸுக்குப் போனவர்கள் பலர் இது சிவில் விடயம் என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட முடிந்தால் ஏமாற்றிப் பணம், பொருள் பெறுவதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவும் பொருந்தக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மாவட்டச் சட்டத்தரணிகளிடமும் நொத்தாரிசுகளிடமும் ஒரு வேண்டுகோள். கூட்டு வியாபார உடன்படிக்கை எழுதும்போது, பணம் பெறுபவர் குத்தகைக் காலம், கடன், கடந்த வருட வருமானம் பற்றிச் சொன்னவற்றை அவர் வாயாலேயே சொல்லவைத்து, தமிழில் ஒரு பந்தியாக எழுதி, வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் வாங்குங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள், பொய் தெரியவந்த அன்றே, மேலும் ஒரு சதமும் கொடுக்காமல், ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி அதன் பிரதியைப் பத்திரப்படுத்தட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.