பிரேக் பிடிக்காத மெஷின் வாளைத் திருத்தியதாகத் தந்தது பற்றிய முறைப்பாடு

திருகோணமலை,
2024 நவம்பர் 4

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

உங்கள் நிறுவனத்தின் திருகோணமலைக் கிளையில் இந்த வருடத் தொடக்கத்தில் வாங்கிய மெஷின் வாள் (செயின் சுற்றி மரம் வெட்டுகிற வாள்) பற்றி எழுதுகிறேன். வாரண்டிக் காலம் முடியுமுன்பே அது பழுதானது. திருத்தத்துக்குக் கொடுத்தபோது குற்றத்தை என் தலையில் போட்டு, வாரண்டி செல்லாது என்று சொல்லிக் காசும் வாங்கினார்கள். காசு விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது வேறு. செயின் பிரேக் பிடிக்காத அந்த மெஷினை, "பரிசோதிக்கப்பட்டது, சரி" என்று ரசீதில் எழுதி என் கையில் தந்தார்கள். நான் மரத்தில் ஏறி நின்று வெட்டுகிறவன்.

உங்கள் அலுவலகத்தில் இருக்கிற எல்லோருக்கும் இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் சொல்கிறேன். தரையில் விழுந்து கிடக்கிற மரத்தைத் துண்டு போடுகிறவர் இரண்டு காலையும் ஊன்றி நிற்பார், ஏதாவது ஆனால் விலகிக்கொள்ளலாம். மேலே அப்படி இல்லை. இடுப்பு வடத்தில் சாய்ந்து, ஒரு கால் கவட்டில், மற்றக் கால் மரத்தண்டில் அழுத்தியபடிதான் வெட்டுகிறோம். செயின் ஓடுகிற தகட்டின் நுனி மேல்பக்கமாகப் பக்கத்துக் கொப்பில் பட்டால் மெஷின் எகிறி முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். அப்போது இடது கையின் மணிக்கட்டு முன்னால் இருக்கிற தடுப்பைத் தள்ளும். உள்ளே கிளச் வட்டைச் சுற்றியிருக்கிற எஃகுப் பட்டை இறுகி, கண் மூடித் திறப்பதற்குள் செயின் நின்றுவிடும். இதுதான் செயின் பிரேக். மேலே ஒதுங்க இடம் இல்லாதவனுக்கு அந்தப் பட்டைதான் காவல். அதோடு, ஒரு கொப்பில் இருந்து அடுத்த கொப்புக்கு மாறும்போதும், மெஷினைக் கயிற்றில் தொங்கவிடும்போதும் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் கையை எடுப்போம். என் வடம் அந்தச் செயினில் இருந்து ஒரு முழம்கூடத் தள்ளி இருப்பதில்லை.

எந்த மெஷினையும் மேலே கொண்டுபோகுமுன் தரையில் வைத்து ஓடவிட்டு, தடுப்பைத் தள்ளிப் பார்ப்பது என் வழக்கம். உங்கள் கிளையில் இருந்து கொண்டுவந்த அன்றும் அப்படித்தான் பார்த்தேன். தடுப்பு "டக்" என்று முன்னால் போனது, ஆனால் செயின் ஓடிக்கொண்டே இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் பட்டை ஒரு முனையில் அறுந்து கிடந்தது. நான் கொடுக்கும்போது அது நன்றாக இருந்தது, ஏனென்றால் கொடுத்த அன்று காலையிலும் அதே சோதனையைச் செய்திருந்தேன். திருத்துகிறவர் கழற்றிப் பூட்டும்போது அறுந்ததா, அறுந்ததைப் பார்த்தும் மூடினாரா என்பதை நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்கிற தம்பிக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. அன்று நான் இல்லாமல் அவன் அதை எடுத்துக்கொண்டு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

சரி, இனிப் பழுதுக்கு வருகிறேன். புரட்டாசித் தொடக்கத்தில், அக்சிலேட்டரை விட்டாலும் வேகம் இறங்காமல் மெஷின் கீச்சிட்டது. சூடும் வழக்கத்தைவிட அதிகம், இழுவையும் குறைவு. அப்படியே வைத்து வெட்டினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடும் என்று தெரிந்து, அன்றைய வேலையைப் பாதியில் விட்டு உங்கள் கிளைக்குக் கொண்டுவந்தேன். அங்கே இருந்தவரிடம் "எங்கேயோ காற்று இழுக்கிறது, காற்றுப் புகாமல் அடைக்கிற சீல் போயிருக்கலாம், காற்று அடித்து லீக் பாருங்கள்" என்று சொல்லியே கொடுத்தேன். கிழமைக் கணக்கில் காக்க வைத்த பிறகு வந்த பதில், "பெற்றோலில் ஒயில் குறைவாகக் கலந்திருக்கிறீர்கள், பிஸ்டன் கீறிவிட்டது, இது உங்கள் பாவனைக் குறை" என்பதுதான். அந்தப் பிஸ்டனைக் காட்டுங்கள் என்றேன். கொழும்புக்கு அனுப்பிவிட்டதாக ஒருவர் சொன்னார், எறிந்துவிட்டதாக இன்னொருவர் சொன்னார்.

நான் மெஷினை எப்படிப் பார்க்கிறேன் என்று எழுதுகிறேன், உங்களிடம் இருக்கிற தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கையேட்டில் 50க்கு 1 என்று இருக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் இரு வீச்சு ஒயில், அளவுக் கோடு போட்ட போத்தலில் அளந்துதான் ஊற்றுவேன். பழைய கலவையை மாதக்கணக்கில் வைத்துப் பாவிப்பதில்லை. காற்று வடியைத் தினமும் மாலையில் கழற்றித் தட்டிக் கழுவுவேன். நிலாவெளிப் பக்கம் கடற்கரை வளவுகளில் வெட்டினால் மத்தியானமும் ஒரு தடவை பார்ப்பேன், ஏனென்றால் அங்கே மரப்பட்டைக்குள்ளேயே மணல் இருக்கும். அந்த மணல் செயினையும் அரை மணித்தியாலத்தில் மொட்டையாக்கிவிடும். தென்னையும் பனையும் சொல்லவே தேவையில்லை. முதிர்ந்த பனையின் வெளிவைரத்தை வெட்டியவனுக்குத் தெரியும். என் செயினுக்கு 4.8 மில்லிமீற்றர் அரம். 30 பாகைச் சாய்வில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கைத் தள்ளு. மூன்று நான்கு தடவை அராவிய பிறகு பல்லுக்கு முன்னால், எவ்வளவு ஆழம் வெட்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிற ஆழக் கட்டையையும் அளவு பார்த்துத் தட்டை அரத்தால் இறக்குவேன். தகட்டைப் புரட்டிப் போட்டுப் பாவிப்பதால் இரண்டு விளிம்பும் ஒரே மாதிரித்தான் தேய்ந்திருக்கின்றன. உங்கள் ஆட்கள் அந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாலே, இது பாராமல் போட்ட மெஷின் இல்லை என்று தெரிந்திருக்கும்.

அப்புறம், ஒயில் குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும், சரி. ஆனால் அக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் நின்றதே, அதற்கு ஒயில் எப்படிக் காரணமாகும்? காற்று அதிகமாகி பெற்றோல் மெலிந்தால்தான் அப்படி நிற்கும். மெலிந்த கலவையில் ஒயிலும் சேர்ந்துதான் குறைகிறது, அதனால் பிஸ்டனும் கீறும். எது முதலில் நடந்தது என்பதை லீக் சோதனை ஒன்று செய்திருந்தால் காட்டியிருக்கும். அந்தச் சோதனை செய்ததாக ரசீதில் ஒரு வரிகூட இல்லை.

காத்திருந்த காலத்தில் வேறு ஒரு மெஷின் தருகிறோம் என்றார்கள். நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குப் பதிவுப் பத்திரம் கேட்டேன், இல்லை என்றார்கள். 2019இல் நாட்டில் இருக்கிற மெஷின் வாள்களை எல்லாம் பதிவு செய்யச் சொன்ன பிறகு, இலக்கம் பொருந்தாத மெஷினோடு வழியில் மறித்தால் நான் என்ன பதில் சொல்வது? ஈரப்பலாவும் பலாவும் பெண் பனையும் வெட்ட அனுமதி எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பி, பத்திரம் வந்த பிறகுதான் நான் கத்தியை எடுக்கிறேன். பத்திரம் இல்லாத மெஷினை நானே தூக்கிக்கொண்டு போக முடியாது.

இன்னொன்றும் உங்கள் வேலைத்தளத்தில் நடந்திருக்கிறது. செயினுக்கு ஒயில் விடுகிற தாங்கியை, வாகனத்தில் இருந்து இறக்கிய கறுப்பு ஒயிலால் நிரப்பித் தந்திருந்தார்கள். கேட்டதற்கு "எல்லோரும் அதைத்தானே விடுகிறார்கள்" என்றார் ஒருவர். செயின் ஒயில் மெஷினுக்குள் திரும்பி வருவதில்லை, ஐயா. ஒரு தாங்கி பெற்றோல் முடிகிறபோது ஒரு தாங்கி ஒயிலும் தெறித்து முடிந்திருக்கும். அது முழுக்க மரத்தூளோடு சேர்ந்து கீழே நிலத்தில் விழுகிறது. நான் வெட்டுவது பெரும்பாலும் வீட்டு வளவுகளில். மாமரத்துக்குக் கீழே வல்லாரைப் பாத்தி இருக்கும், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் கிணறு இருக்கும். எஞ்சினில் எரிந்த கழிவும் தேய்ந்த உலோகமும் கலந்த ஒயிலை அதற்கு மேல் தெளிக்க எனக்கு மனம் வராது. மெஷினுக்கும் அது கெடுதல்தான். அழுக்கு பம்பை அடைக்கும், செயினில் ஒட்டி நிற்கிற தன்மையும் அதற்கு இல்லை. தாங்கியை வடித்துக் கழுவி எடுக்க எனக்கு ஒரு பகல் போனது.

என் வளவு மண்ணையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். சாம்பல்தீவில் எங்கள் நிலம் வெறும் மணல். தண்ணீர் விட விட உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதில் இன்றைக்குக் கத்தரியும் பயிற்றையும் மரவள்ளியும் நிற்கிறதென்றால், நான் வெட்டுகிற இடங்களில் வேண்டாம் என்று விடுகிற இலை தழையை எல்லாம் கொண்டுவந்து வருடக்கணக்காகப் போட்டு மக்க வைத்ததால்தான். வேலியில் கிளிசரிடியா நட்டு, அதையும் மாரிக்கு முன்பு வெட்டிப் பாத்திக்குள் புதைப்போம். 2021இல் இரசாயன உரம் நின்றபோதும், 2022இல் வெள்ளிக்கிழமை லீவு விட்டு அரசாங்க ஊழியர்களையே வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னபோதும் எங்கள் வீட்டில் கறிக்குப் பஞ்சம் வரவில்லை. அந்தத் தோட்டத்தில் பெரும்பங்கு என் மனைவியின் உழைப்பு. ஊரில் பலர் கூலியில் ஒரு பகுதியைத் தேங்காயாகவும் ஈரப்பலாவாகவும் தருவார்கள், அதையும் நாங்கள் சந்தோசமாக வாங்கிக்கொள்வோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உழைப்பு இல்லாமல் இருக்கிறேன், தோட்டத்து மரக்கறியில்தான் நாள் போகிறது என்று உங்கள் கிளைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "அப்ப சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லைத்தானே அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மனைவி தண்ணீர் இறைத்து வளர்த்த கத்தரிக்காய், உங்கள் தாமதத்தை ஈடுசெய்ய வைத்த சேமிப்பு இல்லை. அவளுடைய பாத்திகளுக்கு வர வேண்டிய தழையும் அந்த நாட்களில் வரவில்லை. பிள்ளைகளின் வகுப்புக் காசையும் தம்பியின் நாட்கூலியையும் மரவள்ளிக் கிழங்கால் கொடுக்க முடியாது.

காலத்தையும் பாருங்கள். எங்களுக்குப் புரட்டாசியும் ஐப்பசியும்தான் அறுவடை. வாடைக் காற்று தொடங்குமுன் கூரைக்கு மேல் நிற்கிற கொப்பை இறக்கிவிட வேண்டும் என்று உப்புவெளி, உவர்மலை, தம்பலகாமம் என்று எல்லாப் பக்கமும் கூப்பிடுவார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. இந்த வருடம் எனக்கு வந்த வேலைகளில் பாதியைக் கைவாளாலும் கோடாலியாலும் செய்தேன், மீதியை வேறு ஆட்களுக்கு விட்டுக்கொடுத்தேன். வயதான ஒரு அம்மா, நான்தான் வர வேண்டும் என்று இன்னும் காத்திருக்கிறார். அவருடைய வீட்டு ஓட்டுக்கு மேல் ஒரு காய்ந்த புளியங்கொப்பு நிற்கிறது. மழை தொடங்கிவிட்டது. வழுக்குகிற புளியில் ஏறுவது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் கேட்பது இவைதான். பிரேக்கை முழுதாகப் புதிய பட்டையோடு, என் கண் முன்னால் பூட்டிச் சோதித்துத் தர வேண்டும். என் மெஷினில் இருந்து கழற்றிய பிஸ்டனும் சிலிண்டரும் எங்கே இருந்தாலும் என்னிடம் வர வேண்டும், அவை என் சொத்து. லீக் சோதனையையும் நான் நிற்கும்போதே செய்யுங்கள். சீலில் லீக் இருந்தால் வாங்கிய திருத்தக் காசை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். ஒயில் குறைவு என்ற உங்கள் முடிவில் நிற்கிறீர்கள் என்றால், எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று திருத்தியவரின் கையொப்பத்தோடு எழுத்தில் தாருங்கள். இந்தக் காலத்தில் உங்கள் திருகோணமலை வேலைத்தளத்தில் இருந்து மற்றவர்களுக்குப் போன மெஷின்களின் பிரேக்கையும் தயவுசெய்து கூப்பிட்டுப் பாருங்கள். இதை எனக்காகக் கேட்கவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் என்னைப் போல ஏறுகிற ஆட்கள் உங்கள் கிளைக்குத்தான் வருகிறார்கள்.

பதினான்கு நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு செய்வேன். வாங்கிய ரசீது, திருத்த ரசீது, அறுந்த பட்டையின் படங்கள், பதிவுப் பத்திரத்தின் பிரதி ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அறுந்த பட்டை என்னிடமே இருக்கிறது, உங்கள் ஆள் வந்தால் காட்டுவேன், கையில் கொடுத்துவிட மாட்டேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
மரம் வெட்டும் தொழிலாளி,
சாம்பல்தீவு, திருகோணமலை.